தெரு இணைப்பும் நகர்ப்புற விரிவாக்கமும்: பழனிசெட்டிபட்டி

தெரு இணைப்பு என்பது ஓர் ஊரின் தெருக்கள் ஒன்றோடொன்று எந்த அளவுக்குச் சேர்ந்துள்ளன என்பதைக் குறிக்கும். நகரம் தன் எல்லையைத் தாண்டி வயல்களுக்குள் பரவும்போது முதலில் குலைவது இந்த இணைப்பே.

அமைவிடம்

பழனிசெட்டிபட்டி தேனி மாவட்டத்திலுள்ள ஒரு பேரூராட்சி. தேனி நகரையொட்டி, கம்பம் செல்லும் சாலையில் உள்ளது. 1996-இல் மதுரையிலிருந்து பிரிந்து தேனி மாவட்டம் உருவானது. தேனி அதன் தலைநகரானதால் அலுவலகங்களும் குடியிருப்புகளும் நகரைச் சுற்றிப் பெருகின.

அளவிடும் முறை

தெருத் துண்டுகளின் எண்ணிக்கையை, சந்திப்புகளும் தெரு முடியும் இடங்களும் சேர்ந்த எண்ணிக்கையால் வகுத்தால் இணைப்பு விகிதம் கிடைக்கும். வரிசைக்கு மூன்றாக 9 சந்திப்புகள் கொண்ட கட்டத் தெருக்களில் 12 துண்டுகள் இருக்கும், விகிதம் 1.33. அதே 9 புள்ளிகளை மரக்கிளை போல இணைத்தால் 8 துண்டுகளே, விகிதம் 0.89. கிளை அமைப்பில் ஒரு துண்டு அடைபட்டாலும் அதற்கு அப்பாலுள்ள வீடுகளுக்கு வேறு வழியில்லை.

முட்டுச்சந்து உருவாகும் விதம்

விளைநிலங்கள் ஒரே நேரத்தில் மனைகளாவதில்லை. ஒருவர் தன் நிலத்தைப் பிரித்து, பிரதான சாலையிலிருந்து தெரு போடுகிறார். அது பக்கத்து வயலின் வரப்போடு நின்றுவிடுகிறது. பின்னர் அந்த வயலும் மனைகளாகும்போது அதற்கும் தனி நுழைவு வருகிறது. நடுவில் வாய்க்காலோ ஓடையோ இருந்தால் பிரிவு நிலைத்துவிடும். அடுத்த தெருவுக்குச் செல்பவரும் பிரதான சாலையைச் சுற்றியே போக வேண்டும். ஊர்த் தேவையும் வெளியூர்ப் போக்குவரத்தும் ஒரே சாலையில் குவிகின்றன. பள்ளிக்கு நடக்கும் குழந்தைகளும் ஆம்புலன்சும் குடிநீர் லாரியும் இதன் விலையைத் தருகின்றன.

கானாவின் அக்ரா போன்ற மேற்கு ஆப்பிரிக்க நகரங்களிலும் இதே போக்கு உண்டு. அங்கே குலத் தலைவர்கள், குடும்பங்கள் வழியாக நிலம் கைமாறுகிறது. பல இடங்களில் வீடுகள் எழுந்த பிறகே தெரு வருகிறது.

சட்டம்

தமிழ்நாட்டில் மனைப்பிரிவுகளுக்கு 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி அனுமதி தேவை. அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவுக்கு 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2016 அக்டோபர் 20 வரை உருவானவற்றை வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகள் வந்தன. வரன்முறை மனையைச் சட்டபூர்வமாக்கும். ஆனால், விடுபட்ட தெருவை அதனால் மட்டும் இணைக்க முடியாது.

தீர்வு

வரைபடத்துக்கு அனுமதி தரும்போதே தெருவைப் பக்கத்து நிலத்தின் எல்லைவரை திறந்து வைத்து, அடுத்த மனைப்பிரிவு அதிலிருந்தே தொடர வேண்டும் என வரையறுப்பது செலவு குறைந்த வழி. வாய்க்காலின் மேல் ஒரு சிறு நடைபாலம்கூட நீண்ட சுற்றை மிச்சப்படுத்தும். வீடுகள் எழுந்தபின் தெரு திறப்பதென்றால் யாரோ ஒருவரின் சுவரை இடிக்க வேண்டியிருக்கும்.