கெதி பிறகு வரும்

போன வருஷம் எங்கள் வீட்டு பேஸ்மென்ற்றில் ஒரு விளையாட்டு நடந்தது. நான் போனில் 10 செக்கன் வைப்பேன். பத்து வயது மகன் கராத்தே உடுப்போடு நின்று காற்றில் குத்துவான். எத்தனை குத்து என்று எண்ணி, ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த தாளில் எழுதுவோம். முதல் நாள் 31. ஒரு மாதத்தில் 44. "அப்பா, நேற்றையை விட ரெண்டு கூட!" என்று அவன் கத்த, நானும் சேர்ந்து கத்துவேன். நாள் முழுக்க வேலையில் எண்களைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆளுக்கு, வீட்டிலும் ஒரு எண் ஏறுவதைப் பார்ப்பது தனிச் சந்தோசம்.

ஒரு வியாழன் மாலை அந்த விளையாட்டு முடிந்துபோனது. வகுப்பில் இருவர் எதிரெதிரே நின்று செய்கிற பயிற்சி. குத்து முகத்துக்கு முன்னால் நிற்க வேண்டும். என் மகனுடைய குத்து நிற்கவில்லை. எதிரே நின்றது அவனை விட ஒரு வயது இளைய பிள்ளை. உதடு வெடித்து இரத்தம் வந்தது. அவளுடைய அம்மா ஓடி வந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன், மகனும் கேட்டான். அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

திரும்பி வரும்போது பின்சீட்டில் இருந்து மெல்லச் சொன்னான்: "நான் வேணுமெண்டு அடிக்கேல்லை அப்பா. கை நிக்கேல்லை."

அடுத்த வகுப்பில் சென்செய் என்னையும் பக்கத்தில் கூப்பிட்டார். மகனிடம் கெதியாக ஐந்து குத்துக் குத்தச் சொன்னார். நான் வீட்டில் எண்ணிக்கொண்டிருந்தபோது கவனிக்காததை அன்றுதான் பார்த்தேன். தோள் இரண்டும் காதுக்குக் கிட்ட ஏறியிருந்தன. பல் கடித்தபடி, மூச்சை அடக்கியபடி நின்றான். தொடங்க முதலே முஷ்டி இறுகிக் கிடந்தது. சென்செய் அவனுடைய மேற்கையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். கல்லு மாதிரி இருந்தது.

இறுக்கினால் ஏன் கெதி குறைகிறது?

மேற்கையின் பின்பக்கத் தசை முழங்கையை நீட்டுகிறது, முன்பக்கத் தசை மடக்குகிறது. குத்தும்போது பின்பக்கம் வேலை செய்ய, முன்பக்கம் விட்டுக்கொடுக்க வேண்டும். 'பலமாக, கெதியாக' என்று மனதில் நினைத்தவுடன் புதிதாகப் பழகுகிற பிள்ளை இரண்டையும் சேர்த்து இறுக்கிவிடும். அக்ஸிலரேட்டரையும் பிரேக்கையும் ஒன்றாக மிதித்துக்கொண்டு கார் ஓட்டுகிற கதைதான். களைப்பு வரும், வேகம் வராது. போதாததற்கு, குத்து வர முதலே தோள் ஏறி "இந்தா வருகுது" என்று எதிராளிக்குச் சொல்லிவிடும்.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள், அதுவும் எங்கள் ஒன்ராறியோவிலேயே. வோட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பு ஆய்வாளர் ஸ்டுவர்ட் மக்கிலும் அவருடைய குழுவும் தேர்ந்த கலப்புத் தற்காப்புக் கலை வீரர்களின் உடம்பில் மின்முனைகளை ஒட்டி, அடிக்கும்போது தசைகள் எப்போது இயங்குகின்றன என்று பார்த்தார்கள். 2010 இல் வந்தது அந்த ஆய்வு. பல அடிகளில் தசை இரண்டு தடவை உச்சத்துக்குப் போனது: தொடங்கும்போது ஒருமுறை, இலக்கில் படும்போது ஒருமுறை. நடுவில் தளர்ந்தது. கையோ காலோ வேகமெடுப்பது அந்தத் தளர்ச்சியில்தான். கடைசி இறுக்கம் முழு உடம்பையும் முஷ்டிக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்துகிறது. கராத்தேயில் அந்தக் கடைசிக் கணத்தைக் 'கிமே' என்பார்கள்.

1964 இல் கலிபோர்னியாவின் லோங் பீச்சில் நடந்த கராத்தேப் போட்டியில், புரூஸ் லீ ஒரு அங்குலத் தூரத்தில் இருந்து குத்தி ஒருவரைப் பின்னால் தள்ளிக் காட்டினார். அவ்வளவு சின்ன இடைவெளியில் கை மட்டும் வேகமெடுக்க இடமில்லை. கால், இடுப்பு, தோள் என்று வரிசையாக வந்து சேர்கிற தள்ளல் அது. தோள் இறுகிக் கிடந்தால் அது கைக்கு வந்து சேராது.

அப்போ 44 எப்படி வந்தது?

நான் சென்செய்யிடம் கேட்ட கேள்வி இது. அவர் சிரித்தார். வீட்டுக்கு வந்து பழைய வீடியோக்களை மெதுவாக ஓட விட்டுப் பார்த்தேன். 31 எண்ணிய நாளில் முஷ்டி இடுப்பில் இருந்து புறப்பட்டு, முழங்கை அநேகமாக நீண்டு, திரும்ப இடுப்புக்கு வந்தது. 44 எண்ணிய நாளில் பாதி வழி போய்ப் பாதி வழி திரும்பியது. மணிக்கட்டு மடிந்திருந்தது. இடுப்பு அசையவே இல்லை. அவன் கெதியாகக் குத்தப் பழகவில்லை. அரைக் குத்துக் குத்தப் பழகியிருந்தான். நான் எண்ணியதை எனக்குத் தந்தான், பிள்ளையில் பிழை இல்லை.

எங்கள் தொழிலில் இதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். எதை அளக்கிறோமோ அது ஏறும், வேண்டியது இறங்கும். வீட்டில் நடக்கும்போது மட்டும் எனக்குத் தெரியவில்லை.

குறி என்பது தூரமும்தான்

1954 இல் போல் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், கை ஒரு இலக்கை அடைய எடுக்கும் நேரம் இலக்கின் தூரத்தையும் அளவையும் பொறுத்தது என்று காட்டினார். இலக்கு தூரமாகவும் சின்னதாகவும் இருந்தால் நேரம் கூடும். அவசரப்பட்டால் குறி தவறும். போன் திரையில் பொத்தான்களை எவ்வளவு பெரிதாக, எங்கே வைப்பது என்று யோசிக்க நாங்கள் இன்றும் அந்த விதியைத்தான் பாவிக்கிறோம். குத்தும் அப்படித்தான். மூக்கு சின்ன இலக்கு. மூக்குக்கு முன்னால் நிறுத்துவது அதை விடச் சின்ன இலக்கு. பழகப் பழக அதே குறியோடு கெதி கூடும். ஆனால் குறி இல்லாத கையில் கெதியை ஏற்றினால், அன்று நடந்ததுதான் நடக்கும்.

குத்துகிறவருக்கும் ஆபத்து உண்டு. முஷ்டியில் சுட்டுவிரல், நடுவிரல் மொளிகள்தான் படவேண்டும். அவசரத்தில் சுண்டுவிரல் பக்கம் பட்டால் அந்தப் பக்கத்துக் கையெலும்பு முறியலாம். மருத்துவத்தில் அதற்குப் பெயரே குத்துச்சண்டைக்காரர் முறிவு. காற்றில் குத்தும்போது முழங்கையைக் கடைசி வரை உதறி நீட்டுவதும் மூட்டுக்குக் கூடாது.

இப்போது வீட்டில் செய்வது

முதலில், இறுக்கி விடுதல். முஷ்டி, தோள், தாடை எல்லாவற்றையும் ஐந்து எண்ணும் வரை இறுக்கிப் பிறகு ஒரேயடியாக விடச் சொல்வோம். 'ரிலாக்ஸ்' என்று சொன்னால் பிள்ளைக்கு எதை விடுவது என்று தெரியாது. இரண்டையும் செய்து பார்த்தால் தெரியும்.

பிறகு, மெதுக் குத்து. ஒரு குத்துக்கு எட்டு எண்ணிக்கை. கை திறந்தபடி புறப்படும், கடைசியில்தான் மூடும். மூச்சு வெளியே போகும். பத்துப் போதும்.

மூன்றாவது, தாள். சின்னத் தாள் ஒன்றில் பொட்டு வைத்து, நூலில் கட்டித் தொங்க விடுங்கள். தாள் ஆடாமல், அதற்கு ஒரு விரல் அகலம் முன்னால் முஷ்டி நிற்க வேண்டும். நான் செய்து பார்த்தேன். பத்தில் மூன்றுதான் சரிவந்தது. மகனுக்கு அன்று பெரிய சந்தோசம்.

கடைசியாகக் கெதி. ஒரு தடவைக்கு ஒரே ஒரு குத்து, முழு வேகத்தில். பிறகு கையை உதறி, மூச்சு எடுத்து, அடுத்தது. தோள் ஏறத் தொடங்கினால் அன்றைக்குப் போதும். கெதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சண்டைப் பயிற்சியில் அது இல்லாமல் சரிவராது. முழுக்கத் தளர்ந்த கையும் பிழைதான், படும்போது மணிக்கட்டு மடியும். வரிசைதான் முக்கியம்.

இதையெல்லாம் மனைவியிடம் பெரிய கண்டுபிடிப்பு மாதிரிச் சொன்னேன். சின்ன வயதில் வயலின் பழகியவர். "சரளி வரிசையை முதல் நாளே மூண்டாம் காலத்திலயா வாசிச்சனாங்கள்?" என்று கேட்டுவிட்டுச் சமையலைப் பார்க்கப் போய்விட்டார். எங்களில் பலர் சனிக்கிழமை வகுப்புகளில் முதல் காலத்தில் தொடங்கி வளர்ந்த பிள்ளைகள்தான். பெற்றோரானதும் மறந்துவிட்டோம். காலையில் 'கெதியா வெளிக்கிடு', பிறகு 'கெதியா சாப்பிடு', பின்னேரம் 'கெதியா வீட்டுப்பாடத்தை முடி'. ஒரு நாள் எத்தனை தடவை சொல்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கையை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. குத்தும்போது ஏறி நின்ற அந்தத் தோள் வகுப்பில் மட்டும் ஏறியதல்ல என்று இப்போது நினைக்கிறேன். நான் பக்கத்தில் நிற்கும்போது இப்போது சொல்வது ஒன்றுதான்: "தோளை விடு, அப்பன்."

அந்தப் பிள்ளை சில கிழமைகள் அவனோடு ஜோடி சேரவில்லை. சென்செய்யும் வற்புறுத்தவில்லை. போன மாதம் அவளாகவே வந்து எதிரே நின்றாள். நான் வாங்கில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் தோள்தான் இறுகிக் கிடந்தது. அவனுடைய குத்து அவள் மூக்குக்கு இரண்டு விரல் அகலம் முன்னால் வந்து நின்றது. அவள் கண் சிமிட்டவில்லை.

காரில் ஏறியதும் கேட்டான்: "நிண்டது, என்ன அப்பா?"

"ஓம், நிண்டது" என்றேன்.