செல்பேசிச் செயலிகளில் தொடராக்கப் பிழைகள்: திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலின் தமிழ்த் தரவுகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

செயலியின் நினைவகத்திலுள்ள தரவுப்பொருளைச் சேமிப்பதற்கும் அனுப்புவதற்கும் உரிய வடிவில் மாற்றுவது சீரியலைசேஷன் எனப்படும் தொடராக்கம் ஆகும். இதில் நேரும் பிழைகளுள், செயலியை நிறுத்துவனவற்றினும் நிறுத்தாமலே தரவைத் திரிப்பனவே மிகுந்த கேடு தருவன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தொடராக்கம், ஒருங்குறி, ஜேசான், ஆண்ட்ராய்டு, பீஸ் ரேட்.

முன்னுரை

திருப்பூரில் ஒரு பனியன் நிட்டிங், சாயமிடல், கட்டிங், தையல், செக்கிங் எனப் பல நிலைகளைக் கடக்கிறது. இவற்றுட் பல வெவ்வேறு ஜாப் ஒர்க் கூடங்களில் நடைபெறுவன. வெட்டிய துணிகளைக் கட்டுகளாக்கி, அளவும் எண்ணிக்கையும் குறித்துத் தையலுக்கு அனுப்புவர். குறிப்பு மாறினால் கையும் உடலும் பொருந்தா. தொடராக்கமும் இத்தன்மையதே. அது பொருளைப் புலம் புலமாகப் பிரித்துப் பெயரிட்டு அனுப்ப, மறுமுனை அப்பெயர்களைக் கொண்டே மீளச் சேர்க்கிறது. பீஸ் ரேட் கணக்கைச் செயலியில் பதியுமிடத்து, ஒரு புலம் தவறினால் தொழிலாளியின் கூலி தவறும்.

1. வெளிப்படும் பிழைகள்

ஜாவாவில் ‘சீரியலைசபிள்’ என அறிவிக்கப்படாத வகுப்பைத் தொடராக்க முயன்றால் பிழைச்செய்தி எழும். ‘ரைட்யூடிஎஃப்’ என்னும் செயல்முறை ஒரு சரத்திற்கு 65,535 பைட்டுகளையே ஏற்கும். ஆங்கில எழுத்திற்கு 1 பைட்டும் தமிழ்க் குறியெண்ணிற்கு 3 பைட்டுகளும் தேவை. எனவே தமிழில் 21,845 குறியெண்களைக் கடந்தால் பிழை எழும். ஆங்கில மாதிரித் தரவால் மட்டும் சோதித்த செயலி தமிழ்த் தரவில் நின்றுபோதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

2. வெளிப்படாத பிழைகள்

ஆண்ட்ராய்டு வெளியீட்டுப் பதிப்பில் ஆர்8 என்னும் கருவி புலப்பெயர்களைச் சுருக்கக்கூடும். ஜீசான் நூலகம் புலப்பெயரை ஒப்பிட்டே ஜேசான் தரவை வாசிக்கும். பெயர் பொருந்தாவிடின் முழுவெண் புலம் 0 என நிற்கும், பிழைச்செய்தி எழாது. ‘எண்ணிக்கை’ இவ்வாறு 0 ஆனால் தைத்த பீஸ்களுக்குக் கூலியும் 0 ஆகும். உருவாக்குநரின் சோதனைப் பதிப்பில் பெயர்ச் சுருக்கம் பொதுவாக நிகழாமையால் அங்கு இப்பிழை தென்படாது. ஒவ்வொரு புலத்திற்கும் தொடராக்கப் பெயரை வெளிப்படையாகக் குறிப்பதே இதற்குத் தீர்வு. கட்டாயப் புலம் இல்லையெனில் பிழை எழுப்பும் கோட்லின் தொடராக்க நூலகத்தைக் கையாள்வதும் பயன்தரும்.

3. தமிழ் எழுத்தின் இருவடிவம்

‘கொ’ என்னும் எழுத்தை ஒருங்குறியில் 2965, 3018 என இரு குறியெண்களாலோ, 2965, 3014, 3006 என மூன்றாலோ எழுதலாம். ‘கொங்கு’ என்னும் சொல் முதல் வடிவில் யூடிஎஃப்-8 முறையில் 18 பைட்டுகளும் இரண்டாம் வடிவில் 21 பைட்டுகளும் கொள்ளும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஸ்விஃப்ட் மொழியின் சர ஒப்பீடு இவற்றை ஒன்றெனவும், ஜாவா, கோட்லின் மொழிகளின் ஒப்பீடு வேறெனவும் கொள்ளும். ஆகவே பெயரைத் திறவுகோலாகக் கொண்ட ஆண்ட்ராய்டு செயலியில் ஒருவரின் கணக்கு இரு பதிவுகளாகப் பிரியக்கூடும். தொடராக்கத்திற்கு முன் சரங்களை என்எஃப்சி இயல்பு வடிவிற்கு மாற்றுதலும், பெயருக்கு மாறாகத் தொழிலாளர் எண்ணைத் திறவுகோலாக்குதலும் வேண்டும்.

4. கண்டறியும் முறை

முதலாவது, அனுப்புமுன் உள்ள பொருள், அனுப்பப்பட்ட பைட்டுகள், மீட்டெடுத்த பொருள் ஆகிய மூன்றையும் ஒப்பிட வேண்டும். இதனால் பிழை எம்முனையது என்பது தெளிவாகும். இரண்டாவது, இச்சோதனையை வெளியீட்டுப் பதிப்பில் தமிழ்த் தரவு கொண்டே நிகழ்த்த வேண்டும். மூன்றாவது, ‘பதிவு இல்லை’ என்பதும் ‘0’ என்பதும் வேறாகக் காட்டப்பட வேண்டும்.

முடிவுரை

பிழைச்செய்தி எழாமை தரவு சரியென்பதற்குச் சான்றாகாது. நின்றுவிட்ட செயலியை அன்றே திருத்துவர். 0 எனப் பதிந்த கூலியையோ, அதற்குரியவர் கேட்கும்வரை எவரும் அறியார். ஆதலின் தமிழ்த் தரவைக் கையாளும் செயலிகளில் ஐயத்திற்குரிய புலத்தைக் கண்டவிடத்துப் பிழை எழுப்பி நிறுத்துவதே ஏற்புடைய வடிவமைப்பாகும்.