நீண்ட நோய்ப்பெயரைப் பிரிக்கும் முறை

தோட்டங்களில் முற்காலத்தே வெறுங்காலுடன் பால் வெட்டச் சென்றோரைச் சோகையில் தள்ளிய நோய்களுள் ஒன்று கொக்கிப்புழு நோய். மருத்துவ நூல்களில் அதன் பெயர் ‘அங்கிலோஸ்டோமியாசிஸ்’. கிள்ளான் வட்டாரத்தில் என் மாணவன் ஒருவன் இதனிடையே ‘கிலோ’வைக் கண்டு, “எடைக் கணக்கா, ஐயா?” என்று கேட்டான். பிழை அவனுடையதன்று, பிரிக்கும் முறையை நாம் கற்பிக்கவில்லை.

பிரிப்பு இருவகை: நாவுக்கு ஒன்று, பொருளுக்கு ஒன்று. யாப்பு முறைப்படி அலகிட்டால் அங்/கிலோஸ்/டோ/மியா/சிஸ் என ஐந்து அசை. படிப்பதற்கு இது போதும், பொருளுணர்த்தாது. ‘பாலெடுத்தான்’ என்பது அசையில் பா/லெடுத்/தான். பொருளிலோ பால்+எடுத்தான் அன்றோ? அவ்வாறே இங்கு ‘ஸ்’ முன்னசையோடு ஒட்டினும் பின்சொல்லுக்கே உரியது.

பொருட்பிரிப்பு இது: அங்கிலோ என்பது வளைந்த, ஸ்டோமா என்பது வாய், இயாசிஸ் என்பது நோய்நிலை. மூன்றும் கிரேக்க வழியின. 1843-இல் இத்தாலிய மருத்துவர் துபினி புழுவுக்கு இட்ட பெயரின் ஈற்று ‘ஆ’ கெட்டு, நோய் விகுதி புணர்ந்தது. யானைக்கால் நோயாகிய பைலேரியாசிஸிலும் அவ்விகுதியைக் காண்க.

ஆசிரியர்கள் முதலில் பொருளுக்கும், பின்னர் நாவுக்கும் பிரித்துக் காட்டுக. ‘வளைவாய்ப் புழு’ என உணர்ந்த பிள்ளையிடம், அதன் இளம்புழு மண்ணிலிருந்து பாதத்தோலைத் துளைத்தே உடலேறும் என்பதையும் சொல்லுக. செருப்பணியச் சொல்வதன் காரணம் அப்போது தானே விளங்கும்.