தூண்டிலோடு ஒரு குடம்

அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் வேலை பார்க்கும் என் தங்கை மகன், சென்ற தீபாவளிச் சமயத்தில் ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். மார்பு வரையில் ரப்பர் உடுப்பு, தலையில் தொப்பி, கையில், பச்சைக் குழந்தையை ஏந்துவதுபோல் ஒரு பெரிய மீன்! "பெரியம்மா! இதன் பெயர் கோஹோ சால்மன். ஆற்றில் தூண்டில் போட்டு நானே பிடித்தேன்" என்று எழுதியிருந்தான்.

அந்தப் போட்டோ வந்ததிலிருந்து பிடித்தது சனியன். அரைப் பரீட்சை லீவுக்கு அனந்தபுரத்தில் உள்ள என் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தோம். அவள் மகன், பன்னிரண்டு வயது வாண்டு, என் முந்தானையை விடவில்லை. "அத்தை! அண்ணன் மட்டும் பிடிக்கலாமா? நம்ம ஊரில் ஆறு இல்லையா?"

ஆறு இல்லாமல் என்ன? செஞ்சி வட்டாரத்து மலைகளில் பிறந்து, வீடூரில் தொண்டியாற்றையும் கூட்டிக்கொண்டு, புதுச்சேரி அருகே கடலில் விழுகிறதே சங்கராபரணி, அது இருக்கிறது. வராக நதி என்றும், செஞ்சியாறு என்றும் அதற்கு வேறு பெயர்கள் உண்டு. கோடையில் வெறும் மணல். வடகிழக்குப் பருவ மழை பெய்தால் உயிர் வந்துவிடும்.

மீன் என்றால் மூக்கைப் பொத்திக் கொள்ளும் நேயர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இதில் பாதி மீனைப் பற்றியது. மீதிப் பாதி தண்ணீரைப் பற்றியது. தண்ணீருக்குப் போகும் பிள்ளைகள் எல்லார் வீட்டிலும் இருக்கிறார்கள்.

அந்தக் கோஹோவின் கதை ரொம்ப ருசிகரமானது. குளிர்ந்த நன்னீர் ஆற்றில் பிறக்கிறது. ஓராண்டுக்கு மேல் அங்கேயே வளர்ந்து பசிபிக் கடலுக்குப் போகிறது. மூன்று வயது வாக்கில் பிறந்த ஆற்றையே தேடி எதிர்நீச்சலில் ஏறி வந்து, முட்டையிட்டு, அங்கேயே உயிரை விடுகிறது. பிறந்த வீட்டின் மேல் அவ்வளவு பாசம்! அதைப் பிடிக்க லைசென்ஸ் வேண்டும். பண்ணையில் பொரித்து விட்ட குஞ்சுகளுக்கு முதுகின் பின்பக்கம் உள்ள சிறு துடுப்பைக் கத்தரித்து அடையாளம் செய்கிறார்கள். பல ஆறுகளில், அந்தத் துடுப்பு முழுசாய் உள்ள மீன் அகப்பட்டால் திரும்ப விட்டுவிட வேண்டும்.

நம் நாட்டில் சால்மன் கிடையாது. மார்க்கெட்டில் 'இந்தியன் சால்மன்' என்று விற்கிறார்களே, அது நம் காலா மீன்தான். உறவு ஒன்றும் இல்லை. ஆனால் சால்மனுக்கு ஒன்றுவிட்ட சகோதரி ஒருத்தி நீலகிரியில் குடியிருக்கிறாள். டிரௌட் என்று பெயர். 1863-ல் பிரான்சிஸ் டே என்ற வெள்ளைக்காரர் கொண்டுவர முயன்று தோற்றார். பிறகு வில்சன் என்பவர் முயற்சி பலித்தது. 1907-ல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கும் பண்ணையே ஏற்பட்டது.

செஞ்சி வெயிலில் அதெல்லாம் நடக்காது. இங்கே கிடைப்பவை கெண்டை, கெளுத்தி, குரவை, விரால். 1952-ல் வெளிநாட்டிலிருந்து வந்து, இன்று எல்லாக் குட்டையிலும் சட்டமாய் உட்கார்ந்துவிட்ட ஜிலேபிக் கெண்டையும் உண்டு.

எங்களுக்குக் குருவாக அமைந்தவர் நாத்தனாரின் பெரிய மாமனார். எழுபது தாண்டியவர். சியாட்டில் போட்டோவைப் பார்த்துவிட்டு, "இந்தச் சட்டை என்ன விலை?" என்று கேட்டார். சொன்னேன். "அந்தக் காசுக்கு ஒரு கறவை மாடு வாங்கலாமே!" என்றார்.

அவருடைய சாமான்களைக் கேளுங்கள். கொல்லையில் வெட்டிய மூங்கில் கழி, அதற்குச் செலவில்லை. கடையில் வாங்கியது தங்கூஸ் நரம்பும், நாலு முள்ளும், ஒரு ஈயக் குண்டும். மயிலிறகுக் காம்பைத் துண்டாக்கித் தக்கை. கொட்டாங்கச்சியில் ஈர மண்ணோடு மண்புழு. புழுவைத் தொட அருவருப்பவர்களுக்குக் கோதுமை மாவு உருண்டை. கெண்டைக்கு அதுவே விருந்து. எல்லாம் சேர்த்து நான் கொடுத்தது 110 ரூபாய்தான்.

புறப்படும்போது, ஒரு காலி பிளாஸ்டிக் குடத்தை எடுத்து, வாயைத் துணிவைத்து இறுக்கி அடைத்து, கழுத்தில் நீளமான கிணற்றுக் கயிற்றைக் கட்டினார்.

"இது எதற்கு மாமா? மீன் போடவா?"

"வச்சுக்கம்மா. வேலை வந்தா தெரியும்" என்றார்.

ஏரியில் தூண்டில் போடுவதாக இருந்தால் முதலில் மீன்பாசி ஏலம் எடுத்தவரைக் கேட்டுக்கொள்ள வேண்டுமாம். குஞ்சு விட்டு வளர்ப்பவர் அவர். கேட்காமல் பிடித்தால் திருட்டு. ஆற்றிலும் உள்ளூரில் விசாரித்துக் கொண்டே இறங்கினோம். தலைக்கு மேல் மின்சாரக் கம்பி போகும் இடத்தில் கழியைத் தூக்கக் கூடாது, இடி இடித்தால் மூட்டை கட்டிவிட வேண்டும் என்பதெல்லாம் வழியிலேயே பாடமாகிவிட்டது.

கரையோரத்தில் சிவப்புப் பொடி தூவினாற்போல் மீன் குஞ்சுகள் கூட்டமாய் மிதந்தன. பையன் தூண்டிலை வீசப் போனான். பெரியவர் கையைப் பிடித்தார். "விரால் குஞ்சுடா. ஆத்தாளும் அப்பனும் கீழேயே காவல் நிக்கும். இப்ப அதைப் பிடிச்சா இத்தனையும் அநாதை. வேற பக்கம் போடு." பண்ணை மீனையும் காட்டு மீனையும் பிரிக்கும் அமெரிக்கச் சட்டம் எனக்கு ஞாபகம் வந்தது.

முதலில் ஒரு கெளுத்தி சிக்கியது. முதுகில் ஒரு முள், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. குத்தினால் கடுக்கும், வீங்கும். சூடு தாங்கும் அளவு வெந்நீரில் கையை முக்கி வைத்தால் வலி தணியும். முள் ஆழமாய்ப் போனால் டாக்டரைப் பார்த்து டெடனஸ் ஊசி போட்டுக் கொள்வது உத்தமம்.

பிறகுதான் அது நடந்தது. தூண்டில் முள் எதிலோ மாட்டிக்கொண்டது. தண்ணீர் பையனின் முழங்கால் அளவுதான். எடுத்து வருகிறேன் என்று மூன்று அடி வைத்தான். நாலாவது அடியில் ஆள் இல்லை. எப்போதோ மணல் அள்ளிய பள்ளம். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

எனக்கு நீச்சல் தெரியாது. அது கூட அப்போது நினைவில்லை. பாயப் போன என் முந்தானையைப் பெரியவர் பிடித்து இழுத்தார். "நீ எறங்காதேம்மா! ரெண்டு பேரை இழுக்க எனக்குத் தெம்பில்லை!" மறுகையால் குடத்தை வீசினார். "கட்டிப் பிடிச்சுக்கடா! விடாதே!" மேலே வந்த தலை குடத்தைக் கண்டது, இரண்டு கையாலும் அணைத்துக் கொண்டது. இருவரும் கயிற்றை இழுத்தோம். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. என் கால் நடுக்கம் நிற்க அரை மணி ஆயிற்று.

பையன் நன்றாக மூச்சு விட்டான், இருமினான், பிறகு தூண்டில் போயிற்றே என்று அழுதான். மூச்சு இல்லாமல் கிடந்திருந்தால்? தலைகீழாய்த் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் தவறு என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். 108-க்குப் போன் செய்யச் சொல்லிவிட்டு, உடனே வாயோடு வாய் வைத்து மூச்சு ஊத வேண்டும்; மார்பின் நடுவில் அழுத்த வேண்டும். இதை நம் பெண்கள் எல்லாரும் பழகி வைத்துக் கொள்ள வேண்டும். வீட்டில் முதலில் ஓடுபவள் தாய்தானே!

திரும்பும்போது பெரியவர் 2024-ஆம் வருஷத்தைப் பற்றிச் சொன்னார். நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. 32 அடி ஆழம் கொள்ளும் வீடூர் அணையைத் திறந்துவிட்டார்கள். சாது மாதிரி இருந்த ஆறு ஊருக்குள் வந்துவிட்டது. அணை திறப்பு அறிவிப்பு வந்தால் தூண்டில்காரன் வீட்டை விட்டுக் கிளம்பவே கூடாது என்றார்.

அன்று கிடைத்தவை இரண்டு கெளுத்தியும் ஐந்து கெண்டையும். நாத்தனார் புளியைக் கரைத்து, மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தாள். நடந்ததை மெதுவாய்ச் சொன்னோம். அவள் ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய், கொல்லையில் கிடந்த அந்தக் குடத்தைக் கழுவி, கயிற்றோடு கூடத்து ஆணியில் மாட்டினாள்.

மறுநாள் தண்ணீர் பிடிக்க நான் அதை எடுக்கப் போனேன்.

"அண்ணி, அதைத் தொடாதீங்க" என்றாள்.