அரையா, பாதியா? ஆங்கில ‘ஹாஃப்’ படும் பாடு

ஒரு பொருளை இரண்டு சம பங்காகப் பிரித்தால் ஒவ்வொரு பங்கும் ஆங்கிலத்தில் ‘ஹாஃப்’. ஹாஃப் டே லீவு, ஹாஃப் பாயில், ஹாஃப் சாரி என்று பள்ளிக்கூடம் போகாதவர்கூட தினமும் சொல்லும் சொல்தான் இது. ஆனால் முழு ஆங்கில வாக்கியத்துக்குள் இதைப் பொருத்தும்போது, நன்றாகப் படித்தவர்களும் தடுமாறுகிறார்கள். இது அறிவுக் குறைவு அல்ல. தமிழில் இரண்டு சொற்கள் பங்கிட்டுச் செய்யும் வேலையை ஆங்கிலத்தில் ஒரே சொல் செய்கிறது. அதைப் புரிந்துகொண்டால் குழப்பத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

நம்மிடம் ‘அரை’ இருக்கிறது, ‘பாதி’யும் இருக்கிறது. கடைக்காரரிடம் அரைக் கிலோ சர்க்கரை கேட்போம். பாதிக் கிலோ என்று யாரும் கேட்பதில்லை. வழியில் பை கிழிந்தால் ‘பாதிச் சர்க்கரை கொட்டிப்போச்சு’ என்போம். ‘அரைச் சர்க்கரை’ என்று வாயில் வராது. அரை என்பது அளவு. பாதி என்பது ஏற்கெனவே இருக்கும் ஒன்றின் பங்கு.

ஆங்கிலம் இந்த வேறுபாட்டை ‘ஹாஃப்’ என்ற சொல்லில் காட்டாமல், அதை அடுத்து வரும் சின்னச் சொல்லில் காட்டுகிறது. தமிழில் ‘அரை’ வரும் இடத்தில் பெரும்பாலும் ‘ஹாஃப் அ’ வரும்: ‘ஹாஃப் அ கிலோ’, ‘ஹாஃப் அ டே’. உயிரொலிக்கு முன் ‘அன்’ ஆகும்: ‘ஹாஃப் அன் அவர்’. ‘பாதி’ வரும் இடத்தில் ‘ஹாஃப் தி ஷுகர்’ அல்லது ‘ஹாஃப் ஆஃப் தி ஷுகர்’, இரண்டும் சரியே. ‘அவர்களில் பாதிப் பேர்’ என்று சொல்லும்போது மட்டும் ‘ஆஃப்’ கட்டாயம்: ‘ஹாஃப் ஆஃப் தெம்’. சந்தேகம் வந்தால் முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். அரை வந்தால் ‘அ’, பாதி வந்தால் ‘தி’. எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது என்றாலும், பத்துக்கு எட்டு இடத்தில் கைகொடுக்கும்.

பாதியைத் தொடர்ந்து வரும் வினைச்சொல் ஒருமையா பன்மையா என்பதும் பலருக்குச் சிக்கல். எதில் பாதி என்று பார்த்தால் போதும். சோற்றில் பாதி என்றால் ‘இஸ்’, மாணவர்களில் பாதி என்றால் ‘ஆர்’.

நம்மவர்கள் மிக அதிகமாகத் தவறும் இடம் இரண்டரை, மூன்றரை. ‘டூ அண்ட் ஹாஃப்’ என்று அலுவலகங்களிலும் வகுப்பறைகளிலும் கேட்கிறோம். சரியானது ‘டூ அண்ட் அ ஹாஃப்’. இரண்டும் அரையும் தமிழில் புணர்ந்து ஒரே சொல்லாகிவிடுவதால், நடுவில் ஒன்று விடுபட்டது நம் காதுக்குத் தெரிவதில்லை. ஆங்கிலமோ அந்த அரையை எண்ணத்தக்க தனிப் பொருளாகப் பார்க்கிறது. அதனால் அதற்கு முன் ‘அ’ கேட்கிறது. இன்னொன்று: ஒன்றைத் தாண்டியதுமே பின்னால் வரும் பெயர் பன்மையாகிவிடும். ஒன்றரை வருஷம் நமக்கு ஒருமைதான். அங்கே ‘ஒன் அண்ட் அ ஹாஃப் இயர்ஸ்’. ‘அ இயர் அண்ட் அ ஹாஃப்’ என்று மாற்றிப் போட்டால் மட்டும் ‘இயர்’ ஒருமையாகவே நிற்கும்.

கடிகாரத்தில் ‘ஹாஃப் பாஸ்ட் சிக்ஸ்’ என்பது ஆறரை. பிரிட்டிஷ்காரர்கள் பேச்சில் ‘பாஸ்ட்’டை விழுங்கி ‘ஹாஃப் சிக்ஸ்’ என்பார்கள், அதுவும் ஆறரைதான். ஆனால் ஜெர்மானியர்கள் இதே அமைப்பில் ‘ஹால்ப் ஸெக்ஸ்’ என்றால் ஐந்தரை. ஆறை நோக்கிப் பாதி தூரம் வந்தாயிற்று என்பது அவர்கள் கணக்கு. ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும். ரயிலுக்கு ஒரு மணி நேரம் பிந்திப் போக இந்தக் குழப்பம் ஒன்றே போதும்.

எண்களோடு வரும்போது இன்னும் கவனம் தேவை. விலை ‘பை ஹாஃப்’ குறைந்தது என்றாலும் ‘டு ஹாஃப்’ குறைந்தது என்றாலும் 100 ரூபாய் 50 ஆகிறது. இதைப் பார்த்து இரண்டு சொல்லும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. மூன்றில் ஒன்று என்று வந்தால், ‘பை’ போட்டால் மிச்சம் மூன்றில் இரண்டு, ‘டு’ போட்டால் மூன்றில் ஒன்றுதான். அதேபோல் ‘ஹாஃப் அஸ் மச்’ என்றால் 100க்கு 50. அதோடு ‘அகெய்ன்’ சேர்ந்து ‘ஹாஃப் அஸ் மச் அகெய்ன்’ ஆனால் 150. முன்னது பாதி, பின்னது ஒன்றரை மடங்கு. மருந்து அளவையோ சமையல் குறிப்பையோ ஆங்கிலத்தில் படிப்பவர்கள் இந்த இடத்தில் நின்று இருமுறை படிப்பது நல்லது.

சொல்லும் முறை எளிது. நடுவில் எழுதும் ‘எல்’ ஒலிக்காது. பிரிட்டிஷ் வாயில் ‘ஹாஃப்’, அமெரிக்க வாயில் ‘ஹேஃப்’. பன்மை ‘ஹாவ்ஸ்’. இரண்டாக்கு என்னும் வினை ‘ஹாவ்’.

இரண்டும் சமமாக இருந்தால்தான் ஹாஃப் என்பது கணக்குக்குச் சரி. கால்பந்தில் அது துல்லியம்: ஒவ்வொரு பாதியும் 45 நிமிடம். கபடியில் ஆண்களுக்கு 20 நிமிடம். ஹாக்கியில் 35 நிமிடப் பாதிகள் இரண்டு இருந்தன; 2014 செப்டம்பரில் சர்வதேசப் போட்டிகளில் அவை 15 நிமிடக் கால் பகுதிகள் நான்காகின. ஆனால் நாம் சினிமா பார்த்துவிட்டு ‘ஃபர்ஸ்ட் ஹாஃப் பரவாயில்லை, செகண்ட் ஹாஃப் இழுவை’ என்னும்போது, இடைவேளை எங்கே விட்டார்களோ அதுதான் எல்லை. நிமிடக் கணக்கு இல்லை. ஆங்கிலேயர்களும் பேச்சில் ‘பிகர் ஹாஃப்’, அதாவது பெரிய பாதி, என்று சொல்வதுண்டு. பேச்சில் அது தவறில்லை என்பதே என் கருத்து. கணக்கு விடைத்தாளில் மட்டும் வேண்டாம்.

முழுமையின்மையைக் குறிக்கும் வழக்குகளில் இரு மொழிகளும் வியக்கும்படி ஒத்துப்போகின்றன. சரியாக யோசிக்காத திட்டம் அங்கே ‘ஹாஃப் பேக்ட்’, இங்கே அரைவேக்காடு. அங்கே ‘ஹாஃப் ஹார்ட்டட்’, இங்கே அரைமனது. ஆனால் ‘நாட் ஹாஃப் பேட்’ என்று யாராவது உங்கள் வேலையைப் பற்றிச் சொன்னால் வருந்தாதீர்கள். நன்றாகவே இருக்கிறது என்ற பாராட்டு அது.

ஆங்கில ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தச் சொல்லை நடத்தும் நாளில் விதியைக் கரும்பலகையில் எழுதும் முன், பிள்ளைகளை ‘அரை’ வைத்து ஐந்து வாக்கியமும் ‘பாதி’ வைத்து ஐந்து வாக்கியமும் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். அதன்பின் ‘ஹாஃப் அ’வும் ‘ஹாஃப் தி’யும் சொல்லிக்கொடுங்கள்.