கடிதங்கள் காட்டும் உள்ளம்

பொதுமேடையில் தலைவர்கள் பேசுவது நாட்டுக்காக. தனிக்கடிதத்தில் எழுதுவது ஒருவருக்காக. ஆதலின் மேடைப் பேச்சில் தோன்றாத உள்ளம் கடிதத்தில் தோன்றும். அமெரிக்கக் குடியரசின் தொடக்க காலத் தலைவர்களான ஜான் ஆடம்ஸும் தாமஸ் ஜெபர்சனும் அரசியற் போட்டியால் பகைத்துப் பிரிந்தனர். 1812இல் கடிதத்தின் வாயிலாகவே மீண்டும் நண்பராயினர். 1826 ஜூலை 4 அன்று இருவரும் மறையும் ஆண்டு வரை அக்கடிதத் தொடர்பு நீடித்தது.

அத்தகைய கடிதச் செல்வம் நமக்கும் உண்டு. குளத்தூர், ஒட்டப்பிடாரம், கோவில்பட்டி எனப் பரந்து கிடக்கும் கரிசல் மண் ஈன்ற வ. உ. சிதம்பரனாரும் காந்தியடிகளும் 1915, 1916ஆம் ஆண்டுகளில் எழுதிக்கொண்ட கடிதங்களே அவை.

1912 டிசம்பரில் சிறையினின்று வெளிவந்த சிதம்பரனாரிடம் கப்பலும் இல்லை. வழக்கறிஞர் சன்னதும் இல்லை. சென்னையில் வறுமையோடு போராடினார். தென்னாப்பிரிக்கத் தமிழர் அனுப்பிய பொருளே குடும்பத்தைத் தாங்கியது. 1915 ஏப்ரலில் காந்தியடிகள் சென்னைக்கு வந்தார். தம்மைக் காண விரும்பிய சிதம்பரனாருக்குக் காலை 6 மணிக்குச் சில நிமிடம் ஒதுக்கி எழுதினார். தமது உரையாடல் சில நிமிடங்களில் அடங்காது என்று சிதம்பரனார் மறுமொழி எழுதினார். டிராம் வண்டியை நம்பி வரவேண்டிய தம் நிலையையும் மறைக்கவில்லை. வறுமை அவரது தலையைத் தாழ்த்தவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

தென்னாப்பிரிக்காவில் தாம் திரட்டிய பணம் வந்து சேர்ந்ததா என்று காந்தியடிகள் வினவினார். வந்து சேரவில்லை. அதன்பின் திங்கள் பல கழிந்தன; கடிதங்களும் பல கடந்தன. தமக்கென்று அன்பர்கள் அளித்த பொருளை இந்நிலையில் வேண்டாம் என்பது தமக்கும் குடும்பத்துக்கும் இழைக்கும் தவறு என்னும் கருத்தைச் சிதம்பரனார் ஒளிவின்றித் தெரிவித்தார். உரிமையைக் கேட்டார்; இரந்து நிற்கவில்லை. 1916 தொடக்கத்தில் 347 ரூபாய் 12 அணா அவர் கைக்கு வந்தது.

அப்பணத்தைக் காந்தியடிகள் கொடுக்கவேயில்லை என்று பிற்காலத்தில் சிலர் பேசியதுண்டு. ஆராய்ச்சியாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி இக்கடிதங்களை ஆராய்ந்து 2021இல் நூலாக வெளியிட்டார். காலம் தாழ்ந்தது உண்மை; பணம் சேர்ந்ததும் உண்மை. இவ்விரண்டையும் கடிதங்கள் நிறுவின. காலத்தாழ்வை மறைத்துக் காந்தியடிகளைப் போற்றுவதும், பணம் சேர்ந்ததை மறைத்து அவரைத் தூற்றுவதும் வரலாறு ஆகா.

மாணவர்களே! பெரியோரைப் பற்றிச் செவிவழிச் செய்தி பல வரும். அதைப் பிறரிடம் சொல்லுமுன், எழுத்துச் சான்று உண்டா என்று தேடுங்கள். உங்கள் வீட்டுப் பரணிலும் பழைய கடிதக் கட்டு இருக்கலாம். அதைக் குப்பையென்று எரித்துவிடாதீர்கள். ஒருவர்மீது நாளை எழும் பழியைத் துடைக்கும் சான்று அதனுள் இருத்தல் கூடும்.