நட்சத்திரக் காமிராவுக்கு ஒரு குடம் தண்ணீர்

சித்திரை, வைகாசியில் கவரைப்பேட்டையில் இரவு எப்படியிருக்கும் என்று அங்கே குடியிருக்கும் வாசகிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சூரியன் மறைந்த பிறகும் சுவர் சுடும். கடற்காற்றின் ஈரத்தில் உடம்பு பிசுபிசுக்கும். அந்த நேரத்தில் மொட்டை மாடியில் டெலஸ்கோப்பை வைத்து வானத்தைப் படம் பிடித்தால், நம்மைவிட அதிகமாகத் தவிப்பது யார் தெரியுமா? காமிராதான்!

சிரிக்காதீர்கள். காமிராவுக்குள் ஒரு சிறிய சிலிக்கன் தகடு இருக்கிறது. ஒளி பட்டால் அதில் எலெக்ட்ரான்கள் கிளம்பும். அவற்றை எண்ணித்தான் படம் உருவாகிறது. ஆனால் உஷ்ணத்தாலும் அவை கிளம்பிவிடுகின்றன! கல்யாணப் படம் கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்துவிடும், பாதகமில்லை. மங்கலான நட்சத்திரத்துக்கோ பல நிமிஷம் காத்திருக்க வேண்டும். அதற்குள் வானத்தில் இல்லாத வெள்ளைப் புள்ளிகள் படமெங்கும் முளைத்துவிடும். தகட்டின் உஷ்ணம் சுமார் 6 டிகிரி செல்ஷியஸ் குறைந்தால் இந்தத் தொல்லை பாதியாகிவிடும்.

ஜவ்வாது மலையில் காவலூர் வான ஆராய்ச்சி நிலையம் இருக்கிறதல்லவா? அங்கே 1986-ல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் டெலஸ்கோப்புக்கு விஞ்ஞானி வைனு பாப்புவின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். அதன் காமிராவைக் குளிர்விக்கத் திரவ நைட்ரஜன் ஊற்றினார்கள். பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரிக் குளிர்! அதை வைத்திருக்கும் பாத்திரம், நம் காப்பி பிளாஸ்கின் அண்ணன்.

வீட்டு மாடிக்கு அது கட்டுப்படியாகுமா? வேறு யுக்தி உண்டு. இரண்டு வேறு உலோகங்கள் சேரும் இடத்தில் மின்சாரம் பாய்ந்தால் ஒரு முனை குளிரும், மறு முனை சுடும் என்று 1834-ல் பெல்டியே என்ற பிரெஞ்சுக்காரர் கண்டார். குளிரும் பக்கத்தில் தகட்டை வைக்கிறார்கள். சுடும் பக்கத்து உஷ்ணத்தை உடனுக்குடன் அகற்ற வேண்டும். விசிறி வைக்கலாம், ஆனால் அது அதிர்ந்தால் நட்சத்திரம் கோணலாகிவிடும். ஆகவே சிலர் சின்னப் பம்பும் ரப்பர் குழாயும் வைத்துத் தண்ணீரை ஓடவிடுகிறார்கள். எடைக்கு எடை, காற்றைவிட 4 மடங்கு உஷ்ணத்தை வாங்கிக்கொள்ளும் தண்ணீர்!

"ஐஸைப் போட்டால் இன்னும் நல்லதுதானே?" என்பீர்கள். வேண்டாம், அம்மா! ஐஸ் மோர் டம்ளர் வெளியே வியர்ப்பதில்லையா? அதே போலக் காமிராவும் வியர்த்து, மின்சாரப் பாகங்கள் கெட்டுப்போகும். கடலோர ஊர்களில் இந்த ஆபத்து அதிகம். சாதாரணக் குழாய்த் தண்ணீரே போதும்.

கன்னி ராசியில் தொப்பி வடிவில் ஒரு நட்சத்திர மண்டலம் இருக்கிறது. அதன் ஒளி நம்மிடம் வந்து சேரச் சுமார் 3 கோடி வருஷம் ஆகிறது. அவ்வளவு தூரம் நடந்து வந்த விருந்தாளி நம் வீட்டுப் புழுக்கத்தில் காணாமல் போகலாமா? வந்தவருக்கு முதலில் தண்ணீர் கொடுப்பதுதானே நம் வழக்கம்!